கடலைக் கணக்கெடுக்கும் கப்பல்

(பொன்விழா ஆண்டை முன்னிட்டு ஜொகூர் பாருவில் நம் சங்கம் நடத்திய கல்வி நாள் நிகழ்ச்சியில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)





வியாபாரத்தில் முன்னேறுவது எப்படி என்று பேசும்படிதான் சங்கச் செயலாளர் எங்களைக் கேட்டுக்கொண்டார். அதைச் சொல்ல எங்களைவிடத் தகுதியான பெரியவர்கள் முன்வரிசையிலேயே அமர்ந்திருக்கிறீர்கள். ஆகவே வேறொரு பொருளில் பேச அனுமதி கேட்டோம். இன்று ஒரு கப்பலைப் பற்றிப் பேசப் போகிறோம். அதன் பெயர் சாகர் நிதி. கடலின் செல்வம் என்று பொருள். சென்னையைச் சேர்ந்த ஆராய்ச்சிக் கப்பல் அது. சரக்கு ஏற்றாது, பயணிகளை ஏற்றாது. கடலை அளந்து வருவதுதான் அதன் வேலை.

கப்பல் என்றதும் நம் வீட்டுப் பெரியவர்களுக்கு நினைவு வருவது இரண்டு பெயர்கள்தான். ஒன்று ராஜூலா, மற்றொன்று சிதம்பரம். 1926 இல் கட்டப்பட்ட ராஜூலா ஏறத்தாழ அரை நூற்றாண்டு காலம் சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, கிள்ளான், சிங்கப்பூர் என்று ஓடியது. எங்கள் பாட்டனார் அதன் மேல்தட்டில் பாய் விரித்துப் படுத்து வந்தவர். எங்கள் வாப்பா வந்தது சிதம்பரத்தில். 1985 பிப்ரவரியில் அந்தக் கப்பல் தீப்பிடித்ததோடு நாகப்பட்டினத்துக் கப்பல் பயணம் ஒரு முடிவுக்கு வந்தது. அதன்பின் சபர் போவது என்றால் விமானம்தான்.

கடல் எப்படி இருந்தது என்று வாப்பாவிடம் ஒருமுறை கேட்டோம். "தண்ணியாத்தான் இருந்துச்சு" என்றார்கள். ஏறிய துறைமுகமும் இறங்கிய துறைமுகமும் நன்றாக நினைவிருக்கின்றன. நடுவில் இருந்த வங்காள விரிகுடா வெறும் தண்ணீர். ஏழு தலைமுறைச் சபுராளிகளுக்கும் அது அப்படித்தான் இருந்திருக்கும். காற்றும் நட்சத்திரமும் தெரிந்த நம் மரைக்காயர்களுக்கும் அந்தத் தண்ணீருக்கு அடியில் என்ன இருக்கிறது என்று பார்க்க வழியில்லை.

அந்தத் தண்ணீருக்கு அடியில் பார்ப்பதற்கென்றே கப்பல் கட்ட வேண்டும் என்ற எண்ணம் நம் கடலுக்குத் தாமதமாகத்தான் வந்தது. 1881 இல் பம்பாயில் இன்வெஸ்டிகேட்டர் என்ற நீராவிக் கப்பலைப் பிரிட்டிஷ் இந்திய அரசு கட்டியது. அதன் முதல் வேலை கப்பல்களுக்கு வழி காட்டும் வரைபடம் தயாரிப்பது. கப்பலில் மருத்துவராக வந்தவர் ஓய்வு நேரத்தில் ஆழ்கடல் உயிரினங்களைச் சேகரித்தார். ஆராய்ச்சி அன்று அவ்வளவுதான்.

அடுத்தது நம் சமுதாயம் தெரிந்துகொள்ள வேண்டிய ஒரு கப்பல். அதன் பெயர் மபாஹிஸ். அரபியில் ஆராய்ச்சிகள் என்று பொருள். 1933 செப்டம்பரில் எகிப்தின் அலெக்சாந்திரியாவிலிருந்து புறப்பட்டு, செங்கடலையும் அரபிக்கடலையும் அளந்துவிட்டு, 1934 மே மாதம் திரும்பியது. தலைமை தாங்கிய செவெல் பிரிட்டிஷ்காரர், கப்பல் தலைவரும் பிரிட்டிஷ்காரர். ஆனால் கப்பல் எகிப்துடையது, மாலுமிகள் எகிப்தியர்கள், விஞ்ஞானிகளில் அப்துல் ஃபத்தாஹ் முஹம்மது, ஹுசைன் ஃபௌஸி என்ற இரு எகிப்தியர்கள் இருந்தார்கள். முன்னவர் வேதியியல் அறிஞர், பின்னவர் மருத்துவர். நாற்பது மீட்டரைக் கொஞ்சம் தாண்டிய சிறிய கப்பல்தான். அரபிக்கடலின் நடு ஆழத்தில் பிராணவாயு மிகக் குறைந்த நீர் பரந்து கிடப்பதை அதில் போனவர்கள் அளந்து சொன்னார்கள். 90 ஆண்டுகளுக்கு முன்னரே முஸ்லிம் பிள்ளைகள் இந்த வேலையைச் செய்திருக்கிறார்கள் என்பதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு அதற்குத் திரும்பி வருகிறோம்.

1960களின் முற்பகுதியில் உலக நாடுகள் பல ஒன்றுசேர்ந்து இந்தியப் பெருங்கடலை ஆராய்ந்தன. ஏறத்தாழ 40 கப்பல்கள் வந்தன. இந்தியா அனுப்பியவற்றில் முக்கியமானது கிஸ்ட்னா என்ற போர்க்கப்பல். ஆராய்ச்சிக்கென்று கட்டிய பெரிய கப்பல் அப்போது இந்தியாவிடம் இல்லை. அமெரிக்கா அனுப்பிய ஆன்டன் புரூன் ஒரு காலத்தில் அவர்களுடைய அதிபரின் உல்லாசக் கப்பலாக இருந்தது! இந்தப் பெரும் பயணம் முடிந்த கையோடு 1966 இல் கோவாவைத் தலைமையிடமாகக் கொண்ட தேசியக் கடலியல் நிறுவனம் பிறந்தது. 1976 இல் கவேஷணி என்ற கப்பல் பணிக்கு வந்தது. அதுவும் வேறு வேலைக்காகக் கட்டியதை மாற்றி அமைத்த கப்பல்தான். 1983 இல் ஜெர்மனியில் கட்டிய சாகர் கன்யா வந்தது. 100 மீட்டர் நீளமுள்ள அந்தக் கப்பல் 1999 இல் பருவமழைக் காலத்தில் வங்காள விரிகுடாவின் நடுவில் நின்று, மேகம் எப்படித் திரள்கிறது என்று பார்த்தது.

இதற்குப் பிறகு 2004 டிசம்பர் 26. அந்த நாளை யாருக்கும் நினைவூட்ட வேண்டியதில்லை. சுமத்ராவுக்கு அருகே கடலடி நிலம் பிளந்தபோது இந்திய நேரம் காலை 6.28. நம் நேரம் 8.58. நாகப்பட்டினம் கரையை அலை அடைந்தபோது இந்தியாவில் மணி ஏறக்குறைய 9. பினாங்குக்கு அது நம் நேரப்படி பகல் ஒரு மணியளவில் வந்தது. நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோர் மௌத்தானார்கள். மலேசியாவில் 68 பேர். எங்கள் சொந்த ஊர் நாகூர். அன்று காலை வாப்பா ஊருக்குத் தொலைபேசியில் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள். மறுநாள் மாலைதான் இணைப்புக் கிடைத்தது. உறவினர்கள் தப்பித்திருந்தார்கள். பக்கத்துத் தெருவில் எல்லோரும் தப்பிக்கவில்லை.

நில அதிர்ச்சிக்கும் அலைக்கும் நடுவே நாகப்பட்டினத்துக்கு இரண்டரை மணி நேரம் இருந்தது. பினாங்குக்கு நான்கு மணி நேரம் இருந்தது. கடற்கரையைவிட்டு ஒரு கிலோமீட்டர் நடந்து போகப் பத்துப் பதினைந்து நிமிடம் போதும். சொல்வதற்கு ஆளில்லை. ஏனென்றால், அலை கடந்து போகிறது என்று சொல்லக்கூடிய கருவி ஒன்றுகூட அன்று இந்தியப் பெருங்கடலின் அடியில் இல்லை. பசிபிக் பெருங்கடலில் இருந்தது. நம் கடலில் இல்லை. தண்ணீராகத்தான் இருந்தது என்று நாம் எல்லோரும் விட்டுவிட்ட கடல் அது.

அதற்குப் பிறகுதான் வேலை வேகமெடுத்தது. 2007 அக்டோபரில் ஹைதராபாத்தில் சுனாமி முன்னெச்சரிக்கை மையம் தொடங்கப்பட்டது. அதே காலத்தில் இத்தாலியின் ஃபின்கான்டியேரி நிறுவனம் சாகர் நிதியைக் கட்டி முடித்தது. சென்னை பள்ளிக்கரணையில் உள்ள தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகம் அதை இயக்குகிறது. நீளம் 104 மீட்டர். ஒருமுறை புறப்பட்டால் 45 நாள் கடலில் இருக்கலாம். 10,000 கடல் மைல் போகலாம். பனிக்கட்டி மிதக்கும் நீரிலும் போகும்படி உடல் வலுவாக்கப்பட்டிருக்கிறது.

இனி அந்தக் கப்பலின் கருவிகள். நாங்கள் பாலிடெக்னிக்கில் இயந்திரவியல் டிப்ளோமா முடித்துவிட்டு, அண்ணனோடு இரும்புச் சாமான் கடையில் உட்கார்ந்தவர்கள். பாசிர் கூடாங் பக்கத்துப் பட்டறைகளுக்குக் கம்பிக் கயிறும் ஷேக்கிளும் கப்பியும் கொடுப்பதுதான் எங்கள் பிழைப்பு. ஆகவே இந்தக் கருவிகளைக் கடைக்காரன் கண்ணோடுதான் பார்க்கிறோம்.

முதலில், கப்பல் நிற்கும் விதம். 4,000 மீட்டர் ஆழத்தில் நங்கூரம் போட முடியாது. ஆனால் கருவியை இறக்கி ஏற்றும் வரை கப்பல் ஒரே இடத்தில் நிற்க வேண்டும். காற்று ஒரு பக்கம் தள்ளும், நீரோட்டம் இன்னொரு பக்கம் இழுக்கும். செயற்கைக்கோள் மூலம் தன் இடத்தைப் பார்த்துக்கொண்டே, கணினி முன்னும் பின்னும் பக்கவாட்டிலும் உந்திகளை இயக்கிக் கப்பலைப் பிடித்து நிறுத்துகிறது. டீசல் என்ஜின் நேராக உந்தியைச் சுழற்றுவதில்லை. அது மின்சாரம் தயாரிக்கிறது. அந்த மின்சாரத்தில் மோட்டார் ஓடுகிறது. அதனால் மிக மெதுவாகவும் நகரலாம், அதிர்வும் குறைவு.

இரண்டாவது, ஒலியால் அளப்பது. கடல் நீரில் ஒலி நொடிக்கு ஏறத்தாழ 1,500 மீட்டர் போகும். கப்பலின் அடியிலிருந்து அனுப்பிய ஒலி 3,000 மீட்டர் ஆழத்தைத் தொட்டுத் திரும்ப 4 நொடி ஆகும். அந்த நேரத்தை வைத்து ஆழத்தைக் கணக்கிடுகிறார்கள். முன்பு ஒரு புள்ளியை மட்டும் அளந்தார்கள். இப்போது ஒலியை விசிறி போல விரித்து, கப்பல் போகும் வழியின் இருபுறமும் அகலமாக அளக்கிறார்கள். வயலில் உழுவதுபோல் வரிவரியாகப் போய்க் கடலடியின் படத்தை வரைந்துவிடுகிறார்கள்.

இதன் அருமை மலேசியர்களாகிய நமக்குத் தெரியும். 2014 மார்ச் 8 அன்று எம்எச் 370 விமானம் காணாமல் போனது. தென் இந்தியப் பெருங்கடலில் தேடப் போனபோது, அந்த இடத்துக் கடலடிக்குச் சரியான படமே இல்லை. முதலில் கப்பல்கள் போய் ஆழத்தை அளந்து படம் வரைந்தன. அதன்பிறகுதான் கருவியைக் கயிற்றில் கட்டிக் கீழே இறக்கித் தேட முடிந்தது. 2017 ஜனவரியில் நிறுத்தும்வரை 1,20,000 சதுர கிலோமீட்டர் தேடினார்கள். விமானம் கிடைக்கவில்லை. அந்தக் குடும்பங்களின் வேதனை இன்னும் தீரவில்லை.

மூன்றாவது, தண்ணீரைப் பிடித்து வரும் கருவி. இரும்புச் சட்டத்தில் வட்டமாகக் குழாய்ப் புட்டிகளைப் பொருத்தியிருப்பார்கள். இரு முனையும் திறந்தபடி இறங்கும். வேண்டிய ஆழம் வந்ததும் மேலிருந்து கட்டளை அனுப்பினால் ஒரு புட்டி மூடிக்கொள்ளும். இப்படி ஒவ்வோர் ஆழத்துத் தண்ணீரும் ஒவ்வொரு புட்டியில் வரும். சட்டத்தின் நடுவில் உப்பு, வெப்பம், அழுத்தம் மூன்றையும் இடைவிடாமல் அளக்கும் கருவி இருக்கும். நொடிக்கு ஒரு மீட்டர் வீதம் இறக்கினால், 3,000 மீட்டர் இறங்கவே 50 நிமிடம் ஆகும். ஏற்ற மறுபடி 50 நிமிடம். இரவு இரண்டு மணியானாலும் வின்ச் பக்கத்தில் ஒருவர் நின்று கயிற்றைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். கீழே போகப் போகக் கருவியின் எடையோடு கயிற்றின் எடையும் சேரும். 5,000 மீட்டரில் தண்ணீரின் அழுத்தம் ஒரு விரல் நகம் அளவு இடத்தில் அரை டன். ஒரு ஷேக்கிளின் ஊசி சரியாகப் பூட்டப்படவில்லை என்றால் அத்தனையும் கடலோடு போய்விடும்.

இந்தத் தண்ணீர்ப் புட்டிகளால் என்ன பயன் என்று கேட்பீர்கள். வங்காள விரிகுடாவில் கங்கையும் பிரம்மபுத்திராவும் வந்து கலக்கின்றன. ஆற்று நீர் உப்பு நீரைவிட லேசானது. எண்ணெய் மிதப்பதுபோல் மேலே ஒரு மெல்லிய அடுக்காகப் பரந்து நிற்கிறது. வெயிலின் சூடு கீழே இறங்காமல் அந்த அடுக்கிலேயே தங்குகிறது. புயலுக்குத் தீனி அந்தச் சூடுதான். 2013 முதல் சில ஆண்டுகள் சாகர் நிதியும் அமெரிக்காவின் ரோஜர் ரெவெல் கப்பலும் வங்காள விரிகுடாவில் இந்த அடுக்கை அளந்தன. நாளை நாகூரில் புயல் எச்சரிக்கை கொஞ்சம் துல்லியமாக வருமானால், அதில் இந்தப் புட்டிகளுக்கும் பங்கு உண்டு.

நான்காவது, சுனாமிக் கருவி. இதை இறக்குவதும் பழுது பார்ப்பதும் சாகர் நிதி செய்யும் வேலைகளில் ஒன்று. கடலடியில் ஓர் அழுத்தமானி உட்கார்ந்திருக்கும். தன் தலைமேல் நிற்கும் பல கிலோமீட்டர் தண்ணீர் சில சென்டிமீட்டர் உயர்ந்தாலும் அதற்குத் தெரிந்துவிடும். நடுக்கடலில் சுனாமியின் உயரம் குறைவாகத்தான் இருக்கும். கப்பலில் போகிறவனுக்கு அது தெரியவே தெரியாது. அழுத்தமானி அந்தச் செய்தியை ஒலியாக மேலே மிதக்கும் மிதவைக்கு அனுப்பும். மிதவை செயற்கைக்கோள் வழியாகக் கரைக்கு அனுப்பும். 2012 ஏப்ரல் 11 அன்று சுமத்ரா அருகே 8.6 அளவில் மறுபடி நிலம் அதிர்ந்தது. உடனே எச்சரிக்கை போனது. பிறகு, பெரிய அலை இல்லை என்று கருவிகள் காட்டியதும் எச்சரிக்கை விலக்கப்பட்டது. ஓடு என்று சொல்லவும், வீட்டுக்குத் திரும்பு என்று சொல்லவும் ஒரு கருவி வேண்டியிருக்கிறது.

இதில் வருத்தமான செய்தியும் உண்டு. மிதவையின் நிழலில் மீன் சேரும். அதனால் சில மீனவர்கள் அதில் படகைக் கட்டுகிறார்கள். சங்கிலி அறுகிறது, கருவி கெடுகிறது. கப்பல் மறுபடி போக வேண்டும். யாரைக் காக்க அந்த மிதவை நிற்கிறதோ அவர்களுக்கே அது எதற்கு என்று தெரியவில்லை. எடுத்துச் சொல்வதும் ஆராய்ச்சியில் ஒரு பகுதிதான்.

ஆழத்தில் இறங்கும் இயந்திரங்களையும் இந்தக் கப்பல் சுமந்து போகிறது. 2010 இல் ரோசப் என்ற ஆளில்லா இயந்திரம் 5,289 மீட்டர் இறங்கியது. 2021 இல் வராஹா என்ற ஊர்ந்து செல்லும் இயந்திரம் 5,270 மீட்டர் ஆழத்தில் கடலடியில் நடந்தது.

பெரியோர்களே, இத்தனை செலவு செய்து என்ன லாபம் என்று ஒரு வியாபாரி கேட்பது நியாயம். நாமெல்லாம் ஆண்டுக்கு ஒருமுறை கடையை மூடி இருப்புக் கணக்கு எடுக்கிறோம். அன்று விற்பனை இல்லை, கூலி மட்டும் உண்டு. ஆனாலும் எடுக்கிறோம். எடுக்காத கடையின் கதி என்னவென்று நமக்குத் தெரியும். கடலுக்கு இருப்புக் கணக்கு எடுக்காததன் விலையை 2004 இல் கொடுத்தோம்.

இப்போது நாங்கள் உண்மையில் சொல்ல வந்த விஷயம். இரண்டு ஆண்டுகளுக்கு முன் எங்கள் அண்ணன் மகளுக்குக் கோல திரெங்கானுவில் கடல் அறிவியல் படிக்க இடம் கிடைத்தது. வீட்டில் யாருக்கும் மகிழ்ச்சி இல்லை. "கடலைப் படிச்சு என்ன செய்யப் போறா?" என்று மாமி கேட்டார்கள். "பொம்பளைப் புள்ள கப்பல்ல ராத் தங்குறதா?" என்று உம்மா கேட்டார்கள். நாங்களும் பெரியவர்கள் பக்கம்தான் நின்றோம். கணக்கியல் படி, கடைக்கு உதவும் என்று சொன்னோம். அந்தப் பிள்ளை எதிர்த்துப் பேசவில்லை. "சாச்சா, சுனாமி அன்னைக்கு நன்னாவுக்கு யாரும் முன்னாடியே சொல்லலைல" என்று மட்டும் கேட்டாள். அதற்குப் பிறகுதான் இந்தக் கப்பல்களைப் பற்றி நாங்கள் தேடிப் படிக்கத் தொடங்கினோம்.

உம்மாவின் கேள்வி தள்ளிவிடக்கூடியது அல்ல. பாதுகாப்பைப் பற்றிக் கேட்பது பெற்றவர்களின் உரிமை. ஆனால் 1983 இலேயே அதிதி பந்த் என்ற கடலியல் அறிஞர் இந்தியக் குழுவோடு அண்டார்டிகாவுக்குப் போன பெண் என்பதையும் உம்மாவிடம் சொன்னோம். உம்மா உடனே சம்மதிக்கவில்லை. பல்கலைக்கழகத்துக்கே வந்து விடுதியைப் பார்த்தார்கள், ஆசிரியையிடம் பேசினார்கள், அதன்பிறகு துஆ செய்து அனுப்பினார்கள். பிள்ளை இப்போது இரண்டாம் ஆண்டு படிக்கிறாள்.

செலவுக்குச் சங்கத்தின் கல்வி நிதியைக் கேட்டோமா என்றால், கேட்கவில்லை. மருத்துவம், பொறியியல், சட்டம், கணக்கியல் என்று விண்ணப்பப் படிவத்தில் அச்சாகியிருந்ததைப் பார்த்துவிட்டு, நமக்கு இல்லை என்று விட்டுவிட்டோம். எங்களுக்குக் கடை இருந்தது, சமாளித்தோம். கடை இல்லாத வீட்டில் அப்படி ஒரு பிள்ளை இருந்தால் என்ன செய்யும்?

ஆகவே பொன்விழா ஆண்டில் சங்கத்துக்கு இரண்டு வேண்டுகோள். ஒன்று, அந்தப் படிவத்தில் கடல் அறிவியலையும் சேர்த்து, மற்றத் துறைகளுக்கும் இடம் விட்டு அச்சடியுங்கள். இரண்டு, பட்டப்படிப்புக்கு மட்டும் என்பதை மாற்றி, பாலிடெக்னிக் டிப்ளோமாவுக்கும் கொடுங்கள். ஓர் ஆராய்ச்சிக் கப்பலில் விஞ்ஞானிகள் மட்டும் போவதில்லை. வின்ச் இயக்குபவர், மின்னணுக் கருவி பழுது பார்ப்பவர், என்ஜின் அறையில் நிற்பவர், கயிற்றைப் பூட்டிச் சரிபார்ப்பவர் எல்லோரும் போகிறார்கள். டிப்ளோமா படித்த கைகள் இல்லாமல் ஒரு புட்டித் தண்ணீர்கூட மேலே வராது. ஈப்போவில் உங்கு ஒமார் பாலிடெக்னிக்கில் கப்பல் பொறியியல் இருக்கிறது. மலாக்காவில் கடற்பயிற்சிக் கழகம் இருக்கிறது. நம் ஜொகூரிலேயே ஸ்கூடாயில் கடல்சார் தொழில்நுட்பம் படிக்கலாம். நம் பிள்ளைகள் அங்கே எத்தனை பேர் என்று எண்ணிப் பாருங்கள்.

தம்பி தங்கைகளே, மபாஹிஸ் கப்பலில் போன அந்த இரண்டு எகிப்தியர்களும் கரையில் வசதியாக வேலை பார்த்திருக்கலாம். ஒன்பது மாதம் உப்புக்காற்றில் புட்டிகளைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் எழுதி வைத்த அளவுகள் பின்னால் வந்தவர்களுக்குப் பயன்பட்டன. சாலிஹான அறிவு என்பது அதுதான் என்று நாங்கள் நினைக்கிறோம்.

நம் பாட்டனார்கள் பாய் விரித்துப் படுத்துக் கடந்து வந்த கடல் அது. அவர்களுக்கு வயிற்றுப்பாடு இருந்தது. அடியில் என்ன இருக்கிறது என்று பார்க்க நேரம் இல்லை. அவர்கள் சம்பாதித்துக் கொடுத்த வசதியில் நாம் இன்று உட்கார்ந்திருக்கிறோம். பார்க்க வேண்டிய முறை நம் பிள்ளைகளுடையது. அனுப்பி வைக்க வேண்டிய முறை நம்முடையது.

வல்ல அல்லாஹ் நம் பிள்ளைகளின் கல்வியில் பரக்கத் செய்வானாக.